கெடுவைத் தள்ளினால் மட்டும் போதுமா?

"கடைசித் தேதி என்றைக்கு, சார்?"

2020-ம் ஆண்டு. கொரோனா நோய் ஊரையே அடக்கி வைத்திருந்த நேரம். வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆடிட்டர்களின் காதில், காலை முதல் இரவு வரை இந்த ஒரு கேள்விதான் விழுந்துகொண்டு இருந்தது.

சின்னக் கேள்விதான். ஆனால் பதில் சொல்வது எளிதாக இல்லை. நேற்று ஒரு தேதி, இன்று ஒரு தேதி. வருமான வரிக்கு ஒரு தேதி, ஜி.எஸ்.டி.க்கு வேறு தேதி. கணக்குக் கொடுக்க ஒரு தேதி, பணம் கட்ட இன்னொரு தேதி!

"சர்க்கார்தான் கெடுவைத் தள்ளிப் போட்டதே! அதில் என்ன கஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம்.

தள்ளிப் போட்டது உண்மை. நல்ல எண்ணத்தோடு செய்ததும் உண்மை. ஆனால் தள்ளிப் போட்ட விதம் சரிதானா? அதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

கெடுவைத் தள்ளுவது மட்டும் உதவி ஆகிவிடாது. தள்ளுவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரே தடவையில் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அது உதவி. இல்லை என்றால் அதுவே புதுத் தொல்லை ஆகிவிடும்.

யார் இவர்கள்?

வருமான வரி கட்டுகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்காருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். "எனக்கு இவ்வளவு வருமானம் வந்தது, இவ்வளவு வரி கட்டினேன்" என்று சொல்லும் கணக்கு அது. வியாபாரிகளுக்கு இதோடு ஜி.எஸ்.டி. கணக்கும் உண்டு.

இது பணக்காரர்கள் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கூட ஆசிரியருக்கும் உண்டு. மளிகைக் கடைக்காரருக்கும் உண்டு. ஓய்வு பெற்ற ஒருவர் தம் பணத்தைப் பாங்கியில் போட்டிருப்பார். அதன் வட்டியில் பாங்கி வரி பிடித்திருக்கும். அவர் வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவராக இருக்கலாம். ஆனாலும் கணக்குக் கொடுத்தால்தான் பிடித்த பணம் திரும்பி வரும். கெடு தவறிவிட்டால் அந்தப் பணத்தை வாங்குவது பெரும்பாடு.

இந்தக் கணக்கை எல்லாராலும் தாமே எழுத முடிவது இல்லை. ஆகவே ஆடிட்டரிடமோ, வரி ஆலோசகரிடமோ போகிறோம். பெரிய நகரங்களில் பெரிய ஆடிட்டர் கம்பெனிகள் இருக்கின்றன. நம் ஊர்ப் பக்கம் இருப்பவர் பெரும்பாலும் ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு உதவியாளர்கள் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர். நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார். நம் குடும்பத்தின் வரவு செலவு அவருக்குத் தெரியும். "ஆடிட்டர் சார்" என்று நாம் அழைப்பது இவரைத்தான்.

ஒரே நாளில் மூன்று அறிவிப்புகள்

2020 மார்ச் 24-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று பிற்பகலில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் டெல்லியில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். மார்ச் 31-ந் தேதி முடிய இருந்த பல வரிக் கெடுக்கள் ஜூன் 30-ந் தேதி வரை தள்ளிப் போயின.

அன்று மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நாடு முழுவதும் ஊரடங்கு என்றார்.

அந்த நேரத்தில் சர்க்கார் செய்தது சரியான காரியம். மார்ச் 31-ந் தேதிக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டது. ஏப்ரல் 8-ந் தேதி இன்னொரு நல்ல காரியமும் செய்தது. 5 லட்சம் ரூபாய் வரை திருப்பித் தர வேண்டிய வரியை உடனே கொடுப்போம் என்றது. சுமார் 14 லட்சம் பேருக்கு அதனால் பலன் உண்டு என்று கூறியது. முடங்கிக் கிடந்த குடும்பங்களுக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிய உதவி! இதை மறந்துவிட்டுக் குறை மட்டும் சொல்வது நியாயம் ஆகாது.

தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பம் ஆயிற்று.

ஒரு கணக்குக்கு ஐந்து தேதிகள்

ஓர் உதாரணம் பாருங்கள். 2018-19-ம் ஆண்டு வருமானக் கணக்கை உரிய காலத்தில் கொடுக்காதவர்கள் தாமதக் கட்டணத்தோடு கொடுக்கலாம். முன்பு கொடுத்த கணக்கில் தப்பு இருந்தால் திருத்தியும் கொடுக்கலாம். அதற்குக் கடைசித் தேதி 2020 மார்ச் 31.

அது ஜூன் 30 ஆயிற்று. மார்ச் 24-ந் தேதி இதைச் சொன்னார்கள்.

பிறகு ஜூலை 31 ஆயிற்று. ஜூன் 24-ந் தேதி சொன்னார்கள். கெடு முடிய ஆறு நாள்தான் இருந்தது.

பிறகு செப்டம்பர் 30 ஆயிற்று. ஜூலை 29-ந் தேதி சொன்னார்கள். இரண்டே நாள் இருந்தது.

பிறகு நவம்பர் 30 ஆயிற்று. எப்போது சொன்னார்கள் தெரியுமா? செப்டம்பர் 30-ந் தேதி. கெடு முடியும் அன்றைக்கே!

ஒரே கணக்கு. ஐந்து தேதிகள். ஒவ்வொரு தடவையும் அறிவிப்புக்கும் கெடுவுக்கும் இடையே இருந்த நாட்கள் குறைந்துகொண்டே வந்ததைக் கவனித்தீர்களா?

அடுத்த ஆண்டுக் கணக்கும் இப்படித்தான். 2019-20-ம் ஆண்டு வருமானத்துக்குச் சம்பளக்காரர்கள் 2020 ஜூலை 31-க்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். மே 13-ந் தேதியே நவம்பர் 30 என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் அக்டோபர் 24-ந் தேதி அது டிசம்பர் 31 ஆயிற்று. டிசம்பர் 30-ந் தேதி, கெடுவுக்கு முதல் நாள், 2021 ஜனவரி 10 ஆயிற்று. அந்த ஜனவரி 10 ஒரு ஞாயிற்றுக்கிழமை!

தணிக்கை செய்ய வேண்டிய வியாபாரக் கணக்குகளுக்குத் தேதிகள் வேறு. தணிக்கை அறிக்கைக்கு வேறு. ஆதாரையும் பான் கார்டையும் இணைக்க வேறு. வரிச் சலுகைக்காக முதலீடு செய்ய வேறு. இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு எல்லாம் தப்பு இல்லாமல் பதில் சொல்ல வேண்டும். எந்த மனிதரால் முடியும்?

ஊரடங்குக்குள் விழுந்த கெடு

ஜி.எஸ்.டி. கதை இன்னும் வேடிக்கை. மாதா மாதம் கொடுக்க வேண்டிய கணக்கு இது. 2020 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதக் கணக்குகளுக்குச் சலுகை கொடுத்தார்கள். ஏப்ரல் 3-ந் தேதி வந்த அறிவிப்பின்படி தேதிகள் இவை:

ஆண்டு வியாபாரம் 5 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால், மூன்று மாதத்துக்கும் ஜூன் 24.

ஒன்றரைக் கோடியில் இருந்து 5 கோடி வரை என்றால், பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு ஜூன் 29. ஏப்ரல் மாதத்துக்கு ஜூன் 30.

ஒன்றரைக் கோடி வரை என்றால், பிப்ரவரிக்கு ஜூன் 30. மார்ச்சுக்கு ஜூலை 3. ஏப்ரலுக்கு ஜூலை 6.

தலை சுற்றுகிறதா? இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. இவை புதுக் கெடுக்கள் அல்ல. இந்தத் தேதிக்குள் கொடுத்தால் தாமதக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். ஒரு நாள் தவறினாலும் பழைய தேதியில் இருந்தே கணக்குப் போடுவோம் என்றார்கள். ஜூன் 24-ந் தேதி மறுபடியும் ஓர் அறிவிப்பு வந்தது. வட்டியில் புதுச் சலுகை. மே, ஜூன், ஜூலை மாதங்களுக்குப் புதுத் தேதிகள்!

இந்தத் தேதிகள் வந்தபோது நம் ஊர்கள் எப்படி இருந்தன? சென்னையிலும், அதை ஒட்டிய மாவட்டங்களின் பல பகுதிகளிலும் ஜூன் 19 முதல் 30 வரை முழு ஊரடங்கு. மதுரையில் ஜூன் 24 முதல் முழு ஊரடங்கு. அதாவது, "நோய் என்பதால் நாள் கொடுக்கிறோம்" என்று சொல்லிக் கொடுத்த நாள், நோய் உச்சத்தில் இருந்த ஊரடங்குக்குள்ளேயே போய் விழுந்துவிட்டது.

பில்கள் எல்லாம் கடைக்குள் இருக்கின்றன. கடை பூட்டிக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் ஆடிட்டரின் அறையில் இருக்கிறது. ஆடிட்டர் வீட்டில் இருக்கிறார். கணக்கு எப்படி எழுதுவது?

கணக்குக்கு ஒரு தேதி. பணத்துக்கு ஒரு தேதி

எல்லாவற்றிலும் அதிகமாக மக்களை ஏமாற வைத்தது இது.

கணக்குக் கொடுக்க நவம்பர் 30 வரை நாள் இருக்கிறது என்று பத்திரிகையில் படித்தார்கள். "அப்படியானால் வரியையும் அப்போது கட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்தார்கள். இயல்புதானே?

ஆனால் ஜூன் 24-ந் தேதி உத்தரவில் ஒரு வரி இருந்தது. கணக்குக் கொடுக்கும்போது கட்ட வேண்டிய பாக்கி வரி 1 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தால், பணம் கட்டுவதற்கு நீட்டிப்புக் கிடையாது. பழைய ஜூலை 31-ந் தேதியோடு சரி. அதற்கு மேல் மாதத்துக்கு 100-க்கு 1 ரூபாய் வட்டி.

ஒருவருக்கு 1,20,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 30 வரை நாள் இருக்கிறது என்று நம்பி, அன்றைக்குக் கட்டுகிறார். ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர், நவம்பர் ஆகிய நான்கு மாதத்துக்கு இந்த வட்டி மட்டும் 4,800 ரூபாய்!

அவர் யாரைக் கோபிப்பார்? டெல்லியில் இருக்கும் அதிகாரியையா? இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆடிட்டரைத்தான் கோபிப்பார். "நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்.

மாடிப்படி ஏறிய பெரியவர்

மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு வரி ஆலோசகர் இருக்கிறார். சின்னக் காரியாலயம். மாடியில் ஒரு அறை. அந்த ஆண்டு, சுவரில் ஒரு அட்டையை மாட்டி, அதில் தேதிகளை எழுதி வைத்திருந்தார். தேதி மாற மாற அடித்து அடித்து எழுதினார். கடைசியில் அந்த அட்டையில் எழுத்தைவிட அடித்தலே அதிகமாக இருந்தது.

அவரிடம் கணக்குக் கொடுக்கும் ஒரு பெரியவர். வயது எழுபதுக்கு மேல். சர்க்கரை வியாதி உண்டு. 2018-19-ம் ஆண்டுக் கணக்கு அவருக்குப் பாக்கி இருந்தது. பாங்கி பிடித்த வரி திரும்ப வர வேண்டும்.

செப்டம்பர் 30-ந் தேதி கெடு. 29-ந் தேதி வரை நீட்டிப்புச் செய்தி எதுவும் இல்லை. ஆலோசகர் பெரியவருக்கு டெலிபோன் செய்தார். "ஐயா, நாளைக்குத்தான் கடைசி. விட்டால் பணம் வராது" என்றார். பெரியவரின் மகன் வெளியூரில் இருந்தான். ஆதாரோடு சேர்ந்த செல்போன் நம்பரும் மகனிடம் இருந்தது. பாஸ் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பப் பெரியவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அவரே வந்துவிட்டார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மாடிப்படி ஏறி வந்தார். மகனிடம் செல்போனில் பேசி, அவனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு வழியாகக் கணக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு செய்தி வந்தது. "நவம்பர் 30 வரை நீட்டிப்பு!"

பெரியவர் கோபப்படவில்லை. டெலிபோனில் சிரித்தார். "என்ன தம்பி, இன்னிக்கு விட்டா முடியாதுன்னீங்களே?" என்று மட்டும் கேட்டார்.

ஆனால் ஆலோசகரின் மனம் ஆறவில்லை. "நோய்க் காலத்தில், அந்த வயதில், அவரைப் படியேற வைத்துவிட்டேனே! அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்?" என்று இன்றும் சொல்லுகிறார். நல்ல வேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்து நாள் முன்பு நீட்டிப்பைச் சொல்லியிருந்தால், அந்தப் பெரியவர் வீட்டிலேயே இருந்திருப்பார். மகன் ஊருக்கு வந்தபோது நிதானமாக முடித்திருக்கலாம்.

இன்னொரு விஷயமும் உண்டு. அதைப் பலர் நினைப்பது இல்லை. கணக்குத் தாக்கல் ஆன பிறகுதான் ஆடிட்டருக்குக் கூலி கிடைக்கும். கெடு தள்ளிப் போனால் கூலியும் தள்ளிப் போகும். ஆனால் அறை வாடகை தள்ளிப் போகுமா? உதவியாளர்களின் சம்பளம் தள்ளிப் போகுமா? கடைசி வாரத்தில் இரவு பகலாக உழைக்க வேண்டியது. கடைசி நாளில் நீட்டிப்பு வரும். வர வேண்டிய மற்றவர்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்று போய்விடுவார்கள். மறுபடி கெடு வரும்போது மறுபடி இரவு பகல். இப்படியே ஒரு வருஷம் ஓடியது.

அமெரிக்காவிலும் இதே கூத்து

இது நம் நாட்டில் மட்டும் நடந்தது அல்ல. வரி விஷயத்தில் மிகவும் கண்டிப்பான நாடு அமெரிக்கா. அங்கே ஏப்ரல் 15-தான் கெடு.

2020 மார்ச் 17-ந் தேதி, "பணத்தைப் பிறகு கட்டலாம்; ஆனால் கணக்கை ஏப்ரல் 15-க்குள் கொடுங்கள்" என்றார்கள். மூன்று நாள் கழித்து, மார்ச் 20-ந் தேதி, "கணக்கையும் ஜூலை 15 வரை கொடுக்கலாம்" என்றார்கள்.

அடுத்த ஆண்டு, 2021-ல், கணக்குக் கெடு மே 17 ஆயிற்று. ஆனால் சொந்தத் தொழில் செய்வோர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டும் முன்வரிக்கு ஏப்ரல் 15-தான் என்றார்கள். பனிப்புயல் அடித்த டெக்சாஸ் முதலிய மாநிலங்களுக்கு ஜூன் 15 என்றார்கள். அங்கே உள்ள வரி ஆலோசகர்களும் நம்மவர்களைப் போலத்தான் திண்டாடினார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஏப்ரல் 15-ந் தேதிக் கெடுவுக்கு, அங்கே இரண்டு ஆண்டிலும் சுமார் ஒரு மாதம் முன்பே கணக்குத் தேதியைச் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் வரை மக்களைக் காக்க வைக்கவில்லை.

சர்க்கார் தரப்பு நியாயம்

சர்க்கார் பக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா?

வரிப் பணம் வந்தால்தான் ஆஸ்பத்திரி நடக்கும். ரேஷன் அரிசி கிடைக்கும். நோய்க் காலத்தில் செலவு அதிகம், வரவு குறைவு. ஆகவே, எவ்வளவு தூரம் நாள் கொடுப்பது என்று தயங்கியது இயற்கை. நோய் எப்போது அடங்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. மேலும், கெடு என்பது சட்டத்தில் எழுதியது. அதை மாற்ற அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இன்னொரு வாதமும் சொல்லுகிறார்கள். "முன்பே நீட்டிப்பைச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். கடைசி நாளில்தான் வருவார்கள்" என்கிறார்கள்.

குஜராத்தில் வரி ஆலோசகர்கள் மேலும் நாள் கேட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள். மத்திய நேரடி வரிகள் வாரியம் 2021 ஜனவரி 11-ந் தேதி மறுத்துவிட்டது. ஜனவரி 10 வரை 5 கோடியே 95 லட்சம் கணக்குகள் வந்துவிட்டன என்று காட்டியது. அதுவும் ஒரு நியாயம்தான். எங்கேயாவது ஒரு இடத்தில் கோடு போட வேண்டும்.

ஆனால் மக்களைச் சோம்பேறி ஆக்குவது எது? முன்பே சொல்வதா? இல்லை. கடைசி நாளில் தள்ளிப் போடுவதுதான்! ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை கடைசி நாளில் தள்ளினால் மக்கள் என்ன நினைப்பார்கள்? "இந்தத் தடவையும் தள்ளுவார்கள்" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

நடந்ததைப் பாருங்கள். 2021-ல் நோய் இரண்டாவது தடவை பரவியது. மே 20-ந் தேதியே கெடுவைச் செப்டம்பர் 30 வரை தள்ளினார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே சொன்ன அந்த அறிவிப்பைப் பாராட்ட வேண்டும். ஜூன் 7-ந் தேதி வருமான வரிக்குப் புது இணையதளம் திறந்தார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை. ஆகஸ்டு 23-ந் தேதி, அதைச் செய்து கொடுத்த கம்பெனியின் தலைவரையே நிதி மந்திரி அழைத்துக் கேள்வி கேட்டார். செப்டம்பர் 9-ந் தேதி, கெடு டிசம்பர் 31 ஆயிற்று. அதுவும் மூன்று வாரம் முன்பே சொன்னது. முன்கூட்டிச் சொல்ல முடியும் என்பதற்கு இவையே சாட்சி.

ஆனால் மக்கள் பழகிவிட்டார்கள். 2021 டிசம்பர் 31-ந் தேதி, "இனி நீட்டிப்பு இல்லை" என்று சொன்ன அந்த ஒரு நாளில் மட்டும் 46 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் வந்து குவிந்தன. அடுத்த கெடு 2022 ஜூலை 31. அன்றைக்கு ஒரே நாளில் 72 லட்சத்துக்கு மேல்!

இத்தனை பேரும் சோம்பேறிகளா? அப்படிச் சொல்ல மாட்டேன். காத்திருந்தால் நாள் கிடைக்கும் என்று அனுபவம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது.

பாடம் கற்றோமா?

நோய் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

2025-ல் வருமான வரிக் கணக்குக் கெடுவை ஜூலை 31-ல் இருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளினார்கள். மே 27-ந் தேதியே சொன்னார்கள். நல்ல ஆரம்பம். செப்டம்பர் 14-ந் தேதி, "செப்டம்பர் 30 வரை நீட்டிப்பு" என்று ஒரு பொய்ச் செய்தி செல்போன்களில் பரவியது. "அது பொய், செப்டம்பர் 15-தான் கெடு" என்று இலாகா மறுத்தது.

மறுநாள் செப்டம்பர் 15. இரவு வெகு நேரம் ஆன பிறகு ஓர் அறிவிப்பு. "ஒரு நாள் நீட்டிப்பு. 16-ந் தேதி வரை கொடுக்கலாம்!"

நள்ளிரவு வரை கண் விழித்து வேலை செய்த ஆடிட்டர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். "நீட்டிப்பு வராது, உடனே வாருங்கள்" என்று அவர்கள் சொன்ன சொல் என்ன ஆயிற்று? அடுத்த ஆண்டு அவர்கள் சொல்வதை யார் நம்புவார்கள்?

என்ன செய்யலாம்?

நான் சொல்வது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. நான்கே யோசனைகள்.

ஒன்று: கெடுவைத் தள்ளுவதாக இருந்தால் 15 நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். தள்ளப் போவது இல்லை என்றாலும், அதையும் 15 நாள் முன்பே உறுதியாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்றக் கூடாது.

இரண்டு: கணக்குக்கும் பணத்துக்கும் ஒரே தேதி வைக்க வேண்டும். வேறு வேறு தேதி வைத்தே ஆக வேண்டும் என்றால், அதை முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். பத்தாவது பாராவில் ஒளித்து வைக்கக் கூடாது.

மூன்று: இணையதளம் கெட்டுப் போனால், கெட்டுக் கிடந்த நாட்களைக் கெடுவோடு தானாகவே கூட்டிக் கொடுக்க வேண்டும். யாரும் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

நான்கு: அறிவிப்பைத் தமிழில், எளிய நடையில், அன்றைக்கே வெளியிட வேண்டும். வரி கட்டுகிறவன் படித்துப் புரிந்துகொள்ள முடியாத உத்தரவு, யாருக்காகப் போட்ட உத்தரவு?

இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. மனம் இருந்தால் போதும்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்காரை மட்டும் சொல்லிவிட்டு நாம் சும்மா இருக்கலாமா?

பாங்கி பாஸ் புத்தகம், சம்பளச் சான்று, வட்டிச் சான்று, இன்சூரன்ஸ் ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். வீட்டில் உள்ள பெண்களுக்கும், படித்த பிள்ளைகளுக்கும் அந்தப் பை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். வீட்டுப் பெரியவரின் ஆதாரோடு எந்தச் செல்போன் நம்பர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வையுங்கள். அது அவர் கையில் இருக்கும் நம்பராக இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த தேதியை நம்பாதீர்கள். ஆடிட்டரைக் கேளுங்கள். கெடு தள்ளிப் போனாலும், "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். கையில் பணம் இருந்தால் வரியை முதலில் கட்டிவிடுங்கள். வட்டி மிச்சம்.

முக்கியமான விஷயம் ஒன்று. கணக்கு எழுதிக் கொடுத்தவரின் கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நோய்க் காலத்தில் டாக்டரையும் நர்ஸையும் துப்புரவுத் தொழிலாளியையும் கைதட்டிப் பாராட்டினோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பூட்டிய அறையில், பூட்டிய ஊரில், நம் வீட்டுக் கணக்கைக் கெடு தவறாமல் எழுதிக் கொடுத்தவரை யாரும் பாராட்டவில்லை. அவர் பாராட்டைக் கேட்கவும் இல்லை. அவர் கேட்டது எல்லாம் ஒன்றுதான்: "கடைசித் தேதி என்றைக்கு?"

அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதிலை, மாறாத பதிலை, முன்கூட்டியே சொல்லுங்கள். சர்க்காரிடம் நாம் கேட்பதும் அதுதான்.